சிஆர்டி புரொஜெக்டரில் படம் மங்கலா? லென்ஸ் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

"லென்ஸ் மாத்தினா படம் தெளியுமா?" சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய்களும் (டியூப்) ஆளுக்கொரு லென்ஸும் கொண்ட பழைய சிஆர்டி புரொஜெக்டரை வாங்கி வீட்டுக் கூரையில் ஏற்றியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தெளியும். சரியான லென்ஸ் சரியாக உட்கார்ந்தால், இத்தனை நாளும் இதே டியூபா ஓடிக்கொண்டிருந்தது என்று தோன்றும் அளவுக்குத் தெளியும். ஆனால் லென்ஸ் பழுது என்று நம்பிப் பணம் கட்டிய பல இடங்களில், பழுது லென்ஸில் இருந்ததே இல்லை. நானே ஒருமுறை பச்சை டியூபுக்கு வேறொரு லென்ஸ் வரவழைத்து, மாட்டி, இரண்டு இரவு உட்கார்ந்து கன்வர்ஜென்ஸ் (மூன்று நிறப் படங்களையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது) போட்டு முடித்தேன். அதற்குப் பிறகுதான் கோளாறு டியூபின் கழுத்தில் இருந்த காந்த வளையத்தில் என்று தெரிந்தது. அந்த இரண்டு இரவை வேறு யாரும் இழக்க வேண்டாம் என்றுதான் அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன்.

டியூப் முகத்தில் எது எழுதப்படுகிறதோ அதைப் பெரிதாக்கித் திரைக்கு அனுப்புவது மட்டும்தான் லென்ஸின் வேலை. 7 அங்குல டியூபில் மின்கற்றை வரையும் படத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 5 அங்குலம். அது 100 அங்குலத் திரைக்குப் போகும்போது 20 மடங்காகிறது. முகத்தில் கால் மில்லிமீட்டர் பிசிறு இருந்தால் திரையில் அது அரை சென்டிமீட்டர். ஆகவே அறிகுறி எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பிசிறு டியூப் முகத்திலேயே இருக்கிறதா, லென்ஸைத் தாண்டும்போது சேர்கிறதா?

முதலில் டியூப் முகத்தைப் பாருங்கள்

மெஷினை அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சூடாக்குங்கள். உள்ளேயே இருக்கும் கட்டச் சோதனைப் படத்தைப் போட்டு, சிவப்பையும் நீலத்தையும் அணைத்துப் பச்சையை மட்டும் வையுங்கள். கான்ட்ராஸ்டை நன்றாகக் குறைத்துவிடுங்கள். முழு வெளிச்சத்தில் லென்ஸுக்குள் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல, கூச்சத்தில் எதுவும் தெரியவும் தெரியாது.

இப்போது லென்ஸுக்கு முன்னால் நின்று உள்ளே பாருங்கள். லென்ஸே உருப்பெருக்கிக் கண்ணாடியாக நின்று டியூப் முகத்தைக் காட்டும். பச்சைப் பரப்பில் ஸ்கேன் கோடுகள் சீப்பின் பல் போல ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும். இரண்டு கட்டக் கோடுகள் சந்திக்கும் முனை கூராக இருக்க வேண்டும். தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்தினால் மூலைகளும் பார்வைக்கு வரும், அங்கேயும் இதையே பாருங்கள்.

முகத்தில் கூர், திரையில் மங்கல் என்றால் லென்ஸையோ அது உட்கார்ந்திருக்கும் விதத்தையோ சந்தேகிக்கலாம். முகத்திலேயே மங்கல் என்றால் லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம். புள்ளிச் சோதனைப் படத்தைப் போட்டு, மின் ஃபோகஸை (டியூபுக்குள் மின்கற்றையைக் குவிக்கும் திருத்தம்) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தாண்டவிடுங்கள். புள்ளி வட்டமாகவே சிறுத்து வட்டமாகவே பருத்தால் டியூபில் குறையில்லை, ஃபோகஸைச் சரியான இடத்தில் நிறுத்தினால் போதும். ஒரு பக்கம் தாண்டும்போது படுக்கைவாக்கிலும் மறுபக்கம் தாண்டும்போது செங்குத்தாகவும் நீண்டால் அது அஸ்டிக்மாட்டிசம். கழுத்தில் இருக்கும் நான்கு துருவ காந்த வளையத்தையோ, மின்காந்த ஃபோகஸ் உள்ள மெஷின்களில் அதற்கென்று தந்திருக்கும் திருத்தத்தையோ தொட வேண்டும். என் இரண்டு இரவைத் தின்றது இதுதான்.

கழுத்துப் பக்கம் கை போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டியூபின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடில் 30,000 வோல்ட்டுக்குக் குறையாமல் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் டியூப் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். உயர் மின்னழுத்தத்தில் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

நடு கூராக இருக்கிறது, நான்கு ஓரமும் மங்கல்

பெரும்பாலான லென்ஸ்களின் உருளையில் இரண்டு காது நட்டுகள் இருக்கும். டியூபை ஒட்டியிருப்பது நடு ஃபோகஸ், திரையைப் பார்த்து முன்னால் இருப்பது ஓர ஃபோகஸ். பலர் பின்னால் இருப்பதை மட்டும் திருகிவிட்டு, முன்னால் இருப்பதைக் கவனிப்பதே இல்லை. இரண்டையும் தளர்த்துவதற்கு முன் இப்போதைய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நடுவைக் கூராக்குங்கள், பிறகு ஓரத்தை, மறுபடி நடுவை. ஒன்றை அசைத்தால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் மூன்று நான்கு சுற்று போக வேண்டியிருக்கும். திரைக்கு அருகே நின்று உற்றுப் பார்க்க ஒருவரும் லென்ஸைத் திருக ஒருவரும் இருந்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

அப்படியும் ஓரம் வரவில்லை என்றால் லென்ஸ் அந்த இடத்துக்குப் பொருந்தாதது என்று எண்ண இடமிருக்கிறது. மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது திரையின் வளைவு. தொடக்க கால வீட்டுப் புரொஜெக்டர்களுக்கு வளைந்த திரையே வழக்கம். 1970களில் ஹென்றி க்ளாஸ் கொண்டுவந்த அட்வென்ட் வீடியோபீம் வளைந்த திரையோடுதான் விற்றது. வளைந்த திரைக்குக் கணக்கிட்ட லென்ஸைத் தட்டையான திரைக்குத் திருப்பினால் நடுவும் ஓரமும் ஒருசேர ஒருபோதும் கூராகாது. இரண்டாவது டியூப் முகத்தின் வளைவு. சில டியூப்களில் ஃபாஸ்பர் (மின்கற்றை பட்டால் ஒளிரும் பொடி) பூசிய உள்பரப்பு தட்டை, சிலவற்றில் குழிவு. தட்டைக்குச் செய்த லென்ஸ் குழிவுக்கு ஒத்துவராது. மூன்றாவது பெருக்கம். ஒவ்வொரு லென்ஸும் குறிப்பிட்ட பெருக்க வரம்புக்குள்தான் ஓரத்தைக் காப்பாற்றும். வீட்டு அறை சிறியது என்று 60 அங்குலத்துக்குச் சுருக்கினாலோ, மண்டபத்துக்காக 250 அங்குலத்துக்கு இழுத்தாலோ நல்ல லென்ஸும் ஓரத்தில் தோற்கும். இங்கே முதலில் மாற்ற வேண்டியது திரையின் அளவு.

ஓரத்துப் புள்ளிகளை உற்றுப் பாருங்கள். வால் நட்சத்திரம் போல வெளிப்பக்கமோ நடுவை நோக்கியோ வால் நீட்டியிருந்தால் அது கோமா, லென்ஸிலேயே உள்ள குறை. எளிய மூன்று கண்ணாடி லென்ஸ்களில் இது நன்றாகத் தெரியும். லென்ஸை மாற்றினால் உண்மையிலேயே பலன் கிடைக்கும் அறிகுறி இது.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

இடது பக்கம் கூர், வலது பக்கம் பஞ்சு. இதற்கு லென்ஸ் வாங்குபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறாது, ஏனென்றால் பழுது வெறும் கோணத்தில் இருக்கிறது.

பச்சை டியூப் திரையை நேராகப் பார்க்கிறது. சிவப்பும் நீலமும் இரு பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாய்ந்து பார்க்கின்றன. சாய்ந்து பார்க்கும் லென்ஸுக்குத் திரையின் ஒரு பக்கம் கிட்ட, மறு பக்கம் எட்ட. இதைச் சமன் செய்ய டியூப் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே சிறிய கோணம் வைக்க வேண்டும். டியூப் முகத்தின் தளமும் லென்ஸின் தளமும் திரையின் தளமும் நீட்டினால் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்லூக், வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்துவதற்காக 1904இல் காப்புரிமை பெற்ற வேலையிலிருந்து வந்ததால் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள்.

மெஷினில் இது லென்ஸைத் தாங்கும் தகட்டின் மூலைத் திருகுகளிலோ அடியில் வைக்கும் வாஷர்களிலோ இருக்கும். எந்தத் திரை அகலத்துக்கு எவ்வளவு என்று அந்தந்த மெஷினின் நிறுவல் கையேடு அட்டவணை தரும். முன்பு 150 அங்குலத் திரைக்கு ஓடிய மெஷினை 90 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் இந்தக் கோணம் மாறியே ஆக வேண்டும். சிவப்பில் ஒரு பக்கமும் நீலத்தில் அதற்கு எதிர்ப்பக்கமும் மங்கினால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மேலே கூர், கீழே மங்கல் என்று மூன்று நிறத்திலும் ஒரே மாதிரி வந்தால் கூரையிலிருந்து சாயும் கோணம் மாறியிருக்கிறது. ஒரே ஒரு நிறத்தில் மட்டும் வந்தால் அந்த லென்ஸின் நான்கு திருகில் ஒன்று தளர்ந்திருக்கும்.

வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகை

கறுப்புப் பின்னணியில் படத்தின் பெயர்கள் ஓடும்போது எழுத்தைச் சுற்றி மூடுபனி மாதிரி ஒரு வெளிச்சம். இருட்டுக் காட்சியில் ஒரு விளக்கு எரிந்தால் அறையே சாம்பல் நிறமாகிவிடும். லென்ஸ் விஷயத்தில் பணம் போட வேண்டிய இடம் ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் அழுக்கைப் பாருங்கள். மெஷினை அணைத்து ஆறவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் முன் கண்ணாடியின் தூசு நட்சத்திரம் மாதிரி மின்னும். அதற்கும் உள்ளே, டியூபை ஒட்டிய இடத்தில், நரைத்த பாசி மாதிரி கிளை விட்டுப் படர்ந்த வலை தெரிந்தால் அது டியூப் முகத்துக்கு முன்னால் நிரப்பியிருக்கும் குளிர்விப்புத் திரவத்தில் பிடித்த பூஞ்சை. மழைக்காலத்து ஈரத்தில் பல மாதம் ஓடாமல் கிடந்த மெஷின் ஒன்றில் நான் பார்த்தது வாழை இலையின் நரம்பு மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிருந்தது. அதன் வழியாகத்தான் அத்தனை வெளிச்சமும் வர வேண்டும் என்றால் கறுப்பு எப்படிக் கறுப்பாக இருக்கும்?

முன் கண்ணாடியைத் துடைக்கும்போது கவனம். பல லென்ஸ்களில் முதல் வில்லை கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் ஆகாது, பரப்பு வெளுத்துப்போகும். முதலில் காற்றுப் பந்தால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அழுக்கே இல்லாமலும் புகை இருந்தால் லென்ஸுக்கும் டியூபுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில மெஷின்களில் டியூபின் திரவ அறைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு, பிறகு காற்று இடைவெளி, அதன் பிறகு லென்ஸ். இதை ஏர் கப்ளிங் என்கிறோம். இன்னொரு வகையில் லென்ஸின் கடைசி வில்லையே திரவத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அது லிக்விட் கப்ளிங். முன்னாலிருந்து ஏ, பி, சி என்று எண்ணும் வரிசையில் இந்தக் கடைசி வில்லைக்குச் சி எலிமென்ட் என்று பெயர்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் புரியும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு இல்லாவிட்டால், சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப்போகிறது. கண்ணாடியும் அந்தத் திரவமான கிளைக்காலும் சந்திக்கும் பரப்பில் அது 0.1 சதவீதத்துக்கும் கீழே. திரும்பிப்போன வெளிச்சம் எங்கே போகிறது? ஃபாஸ்பர் வெள்ளையான பொடி. அதில் பட்டு மறுபடி முன்னால் வருகிறது, ஆனால் வேறு இடத்தில். போதாக்குறைக்கு, கண்ணாடிக்குள் சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து போகும் கதிர் காற்றுக்கு வெளியே வரவே முடியாது. உள்ளேயே முழுதாகத் திரும்பி, பளிச்சென்ற புள்ளியைச் சுற்றி வளையம் போடுகிறது. காற்றை எடுத்துவிட்டுத் திரவத்தை நிரப்பினால் இரண்டும் ஒருசேர அடங்கும். திரையில் சதுரங்கக் கட்டம் போட்டுப் பார்த்தால், கறுப்புக் கட்டம் கறுப்பாகவே நிற்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரே அளவு டியூப் உள்ள இரண்டு மெஷின்களில் எதை வாங்குவது என்று கேட்டால் லிக்விட் கப்ளிங் உள்ளதையே சொல்வேன். ஏர் கப்ளிங் மெஷினை அதற்கு மாற்ற முடியுமா என்பது மாடலைப் பொறுத்தது. டியூப் தாங்கி, சீல், லென்ஸ் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும்.

திரவம் மாற்றும்போது கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதை ஊற்றாதீர்கள், அதில் சாயமும் வேறு சேர்மானங்களும் உண்டு. சுத்தமான எத்திலீன் கிளைக்காலில் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பது வழக்கம், 80க்கு 20 என்ற அளவு பலரும் கையாள்வது. மெதுவாக ஊற்றி, ஓர் இரவு அசையாமல் வைத்து, குமிழி மேலே வந்த பிறகு மூடுங்கள். சூடானால் திரவம் விரியும், அதற்கென உள்ள விரிவு உதரவிதானம் நன்றாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் சிந்தியதை உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். திரவமோ முன் கண்ணாடியோ இல்லாமல் டியூபை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. சூட்டில் முகம் விரிசல் விடும், எக்ஸ் கதிருக்கான மறைப்பும் அவைதான்.

பச்சையில் மஞ்சள், சிவப்பில் ஆரஞ்சு

புல்வெளி கிளிப்பச்சையாக ஒளிர்கிறது, சிவப்புச் சேலை செங்கல் நிறமாகத் தெரிகிறது. நிறக் குமிழை எவ்வளவு திருகினாலும் போகவில்லை. போகாது, ஏனென்றால் அது ஃபாஸ்பரின் இயல்பு. டெர்பியம் சேர்த்த பச்சை ஃபாஸ்பர் 545 நானோமீட்டர் அருகே பலமாக ஒளிர்வதோடு, 490, 585, 620 பக்கங்களிலும் சிறு முகடுகளை விடுகிறது. அந்தக் கடைசி இரண்டும்தான் மஞ்சள் வாடையைக் கொண்டுவருகின்றன. சிவப்பு ஃபாஸ்பரின் முகடு 611இல். அதைவிடக் குட்டையான அலைநீளத்தில் விடும் சிறு கோடுகள் அதை ஆரஞ்சு பக்கம் இழுக்கின்றன.

மருந்து நிறமூட்டிய சி எலிமென்ட். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. லென்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பச்சையில் இன்னொரு பலனும் உண்டு: ஒரு லென்ஸ் எல்லா அலைநீளத்தையும் ஒரே தளத்தில் குவிக்காது. 545 கூராக விழும்போது 490உம் 620உம் அதைச் சுற்றி மெல்லிய ஓரமாகப் படர்கின்றன. வடிகட்டி அவற்றை வெட்டும்போது நிறத்தோடு கூர்மையும் கூடுகிறது. கண் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு, எச்டி ஒளிபரப்பின் தரக்கணக்குப்படி, ஏறத்தாழ 72 சதவீதம். பச்சை கூரானால் படமே கூரானது போலத்தான். பதிலுக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும். தேய்ந்த டியூப் என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

நீலம் மட்டும் பஞ்சு மாதிரி

விட்டுவிடுங்கள். நீல ஃபாஸ்பர் 450 நானோமீட்டரைச் சுற்றி அகலமாக ஒளிர்வதால் லென்ஸ் அதைக் கூராக்கத் திணறும். மேலும் அது சீக்கிரம் தெவிட்டிப்போகும் (மின்கற்றையைக் கூட்டினாலும் அதற்கேற்ப வெளிச்சம் கூடாத) ஃபாஸ்பர் என்பதால் பலர் மின் ஃபோகஸை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து வைப்பார்கள், அப்போதுதான் பளிச்சென்ற வெள்ளை மஞ்சளாகாது. வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு 7 சதவீதம்தான்.

வெளிச்சம் போதவில்லை

இதற்கு லென்ஸ் மருந்தல்ல. இந்த லென்ஸ்கள் எல்லாமே எஃப் 1 என்ற மிகப் பெரிய திறப்பளவின் அருகில் திறந்தவை, அதற்கு மேல் பெரிதாகத் திறக்க இடமில்லை. லென்ஸுக்குள் பார்த்து, ஃபாஸ்பரில் பழைய படத்தின் செவ்வகம் பழுப்பாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் டியூப் தேய்ந்துவிட்டது.

போட்ட ஃபோகஸ் நிற்கவில்லை

அக்ரிலிக் வில்லை சூட்டில் விரியும், ஒளிவிலகலும் மாறும். குளிர்ந்த மெஷினில் போட்ட ஃபோகஸ் ஒரு மணி நேரத்தில் நகர்வது இதனால்தான். சூடேறிய பிறகு போட்டு, காது நட்டை இறுக்குங்கள். சூடேறிய பிறகும் நகர்ந்தால் மின் ஃபோகஸின் மின்னழுத்தம் அலைகிறதா என்று பார்க்க வேண்டும், டியூப் முகச் சோதனை அதைப் பிரித்துச் சொல்லிவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

மெஷினின் மேல் சோனி, பார்க்கோ, எலக்ட்ரோஹோம் என்று எந்தப் பெயர் இருந்தாலும், பலவற்றுக்கு லென்ஸ் போட்டுத் தந்தது அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த யு.எஸ். பிரிசிஷன் லென்ஸ். உருளையில் டெல்டா என்றோ எச்டி என்றோ தொடங்கி ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் லென்ஸ் உயர்ந்தது என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது எந்த டியூபுக்கு, எந்தத் தூரத்துக்கு என்பதோடு சேர்ந்த பெயர். 7 அங்குல டியூபுக்கான லென்ஸ் 8 அங்குல டியூபின் மூலைகளை வெட்டும். வாங்கும் முன் கேட்க வேண்டியது: டியூப் அளவு, முகம் தட்டையா குழிவா, காற்றா திரவமா, உங்கள் தூரத்துக்கும் திரை அகலத்துக்கும் சரிவருமா, திருகுத் துளைகள் பொருந்துமா.

மூன்றையும் ஒரே வகையில் வாங்குங்கள். பச்சைக்கு மட்டும் நல்லது என்று போட்டால், பெருக்கமும் ஓர வளைவும் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாமல் கன்வர்ஜென்ஸ் மூலையில் எட்டாது. ஏர் கப்ளிங் மெஷினில் மூன்று லென்ஸும் ஒரே வகை என்றால், வாங்குவதற்கு முன் பச்சை லென்ஸைச் சிவப்புக்கும் சிவப்பைப் பச்சைக்கும் மாற்றி மாட்டிப் பாருங்கள். மங்கல் லென்ஸோடு போனால் லென்ஸ், டியூபோடு நின்றால் டியூப்.

மாட்டிய பிறகு வரிசை தப்பக் கூடாது. மின் ஃபோகஸ், லென்ஸ் கோணம், நடு, ஓரம், பச்சையின் வடிவம், அதன் மேல் சிவப்பு நீலக் கன்வர்ஜென்ஸ், கடைசியாக வெள்ளைச் சமநிலை. கன்வர்ஜென்ஸை முதலில் போட்டால் லென்ஸைத் தொடும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டிவரும். திரவம் தொட்ட வேலையாக இருந்தால் ஒரு வாரம் கழித்து, மெஷின் அணைந்து ஆறிய நிலையில், டார்ச்சைச் சாய்த்து அடித்துச் சீலின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் பிசுபிசுத்தால் மெஷினை ஓட்டாமல் சீலைத் திரும்பப் போடுங்கள், கீழே இருப்பது உயர் மின்னழுத்தப் பலகை.